எதிர்முள் இல்லாத தூண்டில்

என் மகள் படிக்கும் ஊரில் என் மகளைத் தவிர மற்ற எல்லாரும் இருந்தார்கள். விடுதி வாசலில் திண்டிவனத்துப் பெண் ஒருத்தி நின்றாள். சேலத்துப் பையன்கள் நான்கு பேர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரோ கறிவேப்பிலை தாளிக்கிற வாசனைகூட வந்தது. வினோதினி மட்டும் இல்லை.

"அங்கிள், வினோ உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டாள் திண்டிவனத்துப் பெண். முதல் வருஷம் என் மகளோடு ஒரே அறையில் இருந்தவள். வீடியோவில் பார்த்திருக்கிறேன்.

"இன்னா சொல்லணும்?" என்றேன்.

"அவ படிப்ப வுட்டு ஒரு வருஷம் ஆயிடுச்சு அங்கிள். மலை மேல ஒரு ஏரியாண்ட, மீன் புடிக்கிற கேம்ப்புல வேல செய்யிறா."

கையில் இருந்த பையைக் கீழே வைத்தேன். வைத்தேனா, அதுவாக விழுந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

செஞ்சி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, ஏன் தாமதம் என்று எழுதுவதுதான் தொழில். அப்படிப்பட்டவன், சொந்த மகள் ஒரு வருஷத்துக்கு முன்பே கிளம்பிப் போனதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்பு டாக்டருக்குப் படிக்க அவளைக் கிர்கிஸ்தானுக்கு அனுப்பினோம். பிறந்தநாளுக்குச் சொல்லாமல் போய் எதிரே நிற்கவேண்டும் என்பது என் மனைவி மல்லிகாவின் யோசனை. அவளுக்கு முட்டி வலி, என்னை மட்டும் ஏற்றி அனுப்பினாள். பையில் இட்லிப் பொடி, அதிரசம், அப்புறம் செஞ்சி பஜாரில் தைக்கக் கொடுத்து வாங்கிய ஒரு வெள்ளைக் கோட்டு. இடது மார்பில் நீல நூலில் 'டாக்டர் வினோதினி' என்று தமிழிலேயே பின்னச் சொல்லியிருந்தாள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பை, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பனமலை ஏரிக்குத் தூண்டில் போடக் கொண்டுபோகும் பை. பக்கத்து ஜிப்பில் என் முள் டப்பா இருந்ததை எடுத்துவைக்க மறந்துவிட்டேன். மறந்தது பின்னால் வேலை வைத்தது.

படிக்கட்டில் உட்கார்ந்தபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் வருஷத்திலிருந்தே எங்கள் தெருவுக்கு அவள்தான் டாக்டர். மல்லிகாவின் முட்டி, எதிர்வீட்டம்மாவின் சர்க்கரை, எல்லாம் போனில் அவளிடம்தான் போகும். இரண்டு மாதம் முன்பு டீக்கடை பச்சையப்பனின் மச்சானுக்கு நெஞ்சு அடைக்கிறது என்று வீடியோ போட்டுக் கேட்டோமே, அப்போது இவள் எங்கே இருந்தாள்? மீன் பிடித்துக்கொண்டிருந்தாளா?

அன்று மல்லிகா போன் செய்து, "பொண்ணப் பாத்தீங்களா, இன்னா சொல்லுச்சு?" என்றாள். "அது டூட்டில இருக்குது" என்றேன். கூசாமல் வந்தது பொய். மகளுக்கு யாரிடமிருந்து அந்தப் பழக்கம் வந்தது என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

மறுநாள் மலைக்கு வண்டி. நம் ஊர் ஷேர் வேன் மாதிரி, கொஞ்சம் நீளம். எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கைக்கடிகாரத்தைக் காட்டி டிரைவரைக் கேட்டேன். அவர் என் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. காலியாக இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டினார். ஐந்து. நிரம்பினால் வண்டி போகும், நிரம்பாவிட்டால் போகாது, அவ்வளவுதான் சட்டம். இப்படியும் ஒரு நாடு நடக்கிறதே என்று எனக்கு அதிர்ச்சி. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குடும்பமே ஆட்டுக்குட்டியோடு வந்து ஏறியது. ஆட்டுக்குட்டி என் காலடியில்.

பாதி மலையில் டயர் பஞ்சர். ஜாக்கி வேலை செய்யவில்லை. ஆண்கள் எல்லாரும் இறங்கி வண்டியைத் தூக்கிப் பிடிக்க, நானும் பிடித்தேன். வேலை முடிந்ததும் டிரைவர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து வெள்ளையாக எதையோ ஊற்றிக் கொடுத்தார். மோர் என்று நினைத்து மடமடவென்று குடித்துவிட்டேன். புளிப்பு மூக்கில் ஏறியது. "இன்னாது இது?" என்று பாட்டிலைக் காட்டிக் கேட்டேன். அவர் இரண்டு கையால் கடிவாளம் பிடித்துக் குதிரை ஓட்டிக் காட்டினார். குதிரைப் பால், அதுவும் புளிக்கவைத்தது. வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், வயிறு மட்டும் சிரிக்கவில்லை.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. செஞ்சியில் மலை என்றால் யாரோ பாறைகளைக் கொட்டி அடுக்கிவிட்டுப் போன மாதிரி இருக்கும். தொட்டால் சுடும். இங்கே மலை தலையில் ஆடி மாதத்தில் பனி. நடுவில் ஒரு பெரிய ஏரி, அடியில் கிடக்கும் கூழாங்கல் வரைக்கும் தெரிகிறது. கரையில் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, தொப்பியோடு ஒருத்தி இரண்டு ஆள் உயரக் கழியை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் அவள் செய்வதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

கழியில் சக்கரம் இல்லை. நூலைச் சுற்றுவது, விடுவது எதுவும் இல்லை. நுனியில் நூல் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அடப்பாவி, இது நம்ம பனமலைத் தூண்டில் என்று நினைத்தேன். அவள் மணிக்கட்டை மட்டும் லேசாகத் திருப்பினாள். கழி வில்லாக வளைந்தது. மீன் இழுத்த பக்கமெல்லாம் அவளும் கரையோடு நடந்தாள். களைத்ததும் வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து ஏந்தினாள். ஒரு முழம் மீன், உடம்பில் குங்குமப் பொட்டு வைத்தாற்போல் சிவப்புப் புள்ளிகள். ஊட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அந்த டிரவுட் மீன். நான் எச்சில் விழுங்குவதற்குள் அதன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள். அது வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

மகள் படிப்பை விட்டது அதிர்ச்சியா, பிடித்த மீனை விட்டது அதிர்ச்சியா என்று அந்த நொடியில் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

"வினோ" என்றேன்.

அவள் திரும்பினாள். கழி கையிலிருந்து நழுவியது. "நைனா?" என்றாள். பிறகு, "அம்மா நல்லா இருக்குதா?" என்றாள். யாரோ செத்துப்போனதைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டாள்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்குறோம். நீதான் இன்னா ஆனன்னு பாக்க வந்தேன்."

கேம்ப் குல்னாரா என்ற அம்மாளுடையது. அறுபது வயது இருக்கும். வாய் நிறையத் தங்கப்பல். ஐந்தாறு கூடாரம், ஒரு சமையலறை. என்னை உட்காரவைத்து ரொட்டி, வெண்ணெய், ஆட்டுக்கறி போட்ட நீளச் சேமியா எல்லாம் பரப்பினார். டீயை மட்டும் கிண்ணத்தில் கால்வாசி ஊற்றினார். குடித்தேன். மறுபடியும் கால்வாசி. இவ்வளவு விருந்து வைத்தவர் டீயில் ஏன் பிசினித்தனம் என்று எனக்குப் புரியவில்லை. "ஃபுல்லா ஊத்தச் சொல்லு" என்றேன்.

"ஐயோ, கேக்காத நைனா" என்றாள் வினோ. "கொஞ்சமா ஊத்துனா, நீ இன்னும் ரொம்ப நேரம் இரு, திரும்பத் திரும்ப ஊத்தறேன்னு மரியாத. ஃபுல்லா ஊத்துனா, குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம்."

அன்று எட்டுக் கிண்ணம் குடித்தேன். மகளோடு அதற்குமேல் பேசவில்லை. பேசினால் கத்துவேன் என்று தெரியும்.

மூன்றாம் நாள் காலை கத்தினேன். "பையக் கட்டு, ஊருக்குப் போலாம். திரும்பக் காலேஜில சேத்துக்குவாங்களான்னு கேப்போம்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "கெஸ்ட்டு இருக்குறாங்க நைனா, மத்தியானம் பேசலாம்" என்றாள். என் வாயை அடைக்கவோ என்னவோ, ஒரு கழியை நீட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கழி அப்பளக் கனம்கூட இல்லை. நுனி துடைப்பக் குச்சியைவிட மெல்லிசு. நூல் முனையில் கோழி இறகில் கட்டிய ஒரு பொய்ப்பூச்சி. அதைப் புரட்டிப் பார்த்தேன். முள்ளில் எதிர்முள் இல்லை. நம் ஊர் முள்ளில் கூருக்குக் கீழே பின்பக்கமாக ஒரு சின்னச் செதில் நிற்கும், கவ்விய மீன் கழன்று போகாமல் பிடித்துக்கொள்ள. இதில் வழவழவென்று இருந்தது. என் மகளைக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே நினைத்தேன்.

பையின் ஜிப்பைத் திறந்தேன். பனமலை முள் ஒன்றை எடுத்துக் கட்டினேன். ஓடையோரம் கல்லைப் புரட்டினால் புழுவும் கிடைத்தது. இறகாவது பூச்சியாவது என்று வீசினேன்.

அரை மணிகூட ஆகவில்லை. நூல் விண்ணென்று போனது. பனமலையில் ஜிலேபிக் கெண்டை கடித்தால் என்ன செய்வோம்? இரண்டு கையாலும் கழியைப் பிடித்துத் தலைக்குமேல் ஒரே தூக்காகத் தூக்கிக் கரையில் அடிப்போம். கை அதைத்தான் செய்தது. பின்னால் சட்டென்று ஒரு முறியும் சத்தம். முன்னால் மீன் ஒரு முறை வெள்ளையாகப் புரண்டது. அடுத்த நொடி என் இடது காதில் நெருப்பு.

"ஐயய்யோ, செத்தேன்டா!" என்று செஞ்சித் தமிழில் நான் போட்ட சத்தம் மலையில் பட்டு இரண்டு தடவை திரும்பி வந்தது.

மீன் வாயைக் கிழித்துக்கொண்டு வந்த முள் என் காது மடலில் ஏறி நின்றது. தொட்டுப் பார்த்தால் வரவில்லை. கழன்று போகாமல் இருக்கத்தானே அந்தச் செதில். கழியின் நுனி இரண்டாக முறிந்து நூலோடு தொங்கியது. வினோ ஓடிவந்தாள், பின்னாலேயே குல்னாரா.

வினோ முள்ளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எதிர்முள்ளு போட்டியா?" என்றாள். அந்தக் குரல் மல்லிகாவின் குரல்.

"ஆடாத ஒக்காரு" என்றாள். ஒரு துண்டு நூலை முள்ளின் வளைவில் மாட்டிக் கையில் சுற்றிக்கொண்டாள். மற்றக் கையின் கட்டைவிரலால் முள்ளின் தண்டைக் காதோடு அழுத்தினாள். "ராஜகிரிக் கோட்டைக்கு எத்தினி படி நைனா?" என்று கேட்டாள்.

"அதை எவன் எண்ணி..." என்பதற்குள் வெடுக்கென்று ஒரு இழுப்பு. முள் அவள் நூலில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். அந்தக் கை ஒரு துளிகூட நடுங்கவில்லை. முள்ளில் மீனின் உதட்டுத் தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"விட்டுட்ட மீனு பொழைக்கணும்னுதான் இங்க எதிர்முள்ளு போட மாட்டோம். இந்தம்மா பத்து வருஷமா ஒருத்தரையும் போட வுட்டதில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வாய் வேறு கேட்டது. "இப்பிடி ஒரு கைய வெச்சுக்கினு ஏன்டி படிப்ப வுட்ட?"

அவள் காதுக்கு மருந்து தடவிக்கொண்டே சொன்னாள். "எனக்கு மொதல்லேர்ந்தே புடிக்கல நைனா. போறதுக்கு முந்தி உங்கிட்ட சொல்லிடலாம்னு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். நீ டூட்டில இருந்த. எதிர்ல என் மூஞ்சி பத்தடிக்கு நிக்குது. கழுத்துல ஸ்டெதாஸ்கோப்பு வேற. அத்தப் பாத்துட்டு எப்பிடி சொல்றது? திரும்பிப் போயிட்டேன்."

'செஞ்சி மண்ணின் மருத்துவ மகளே' என்று போட்ட பேனர் அது. விமானம் ஏறுவதற்கு முன்பே டாக்டராக்கி பேனர் வைப்பது எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அதை வைக்க இடம் பார்த்தவன் நான். எந்த ஊர் வண்டியில் வருகிறவரும் இறங்கும்போது பார்க்கவேண்டும் என்று என் ஆபீஸுக்கு எதிரே கட்டச் சொன்னேன். அவள் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

"அப்ப தெருவுல எல்லாருக்கும் மாத்திர சொன்னியே?"

"ஒருத்தருக்குக்கூட சொல்லல நைனா. எது கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுதான் சொன்னேன். வேணும்னா அம்மாவ கேட்டுப் பாரு." சமையலறையின் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். "டவரு இங்கதான் கெடைக்கும். இங்க நின்னுதான் வீடியோல பேசுவேன். இதான் என் ஆஸ்பத்திரி."

நாலு முழம் அகலம்கூட இல்லாத அந்தச் சுவரை ஒரு வருஷமாக நாங்கள் பெரிய ஆஸ்பத்திரி என்று நம்பியிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது.

"நீ கூப்ட்டா வரேன் நைனா" என்றாள் வினோ. "ஆனா படிக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் குல்னாரா எனக்கு டீ ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். கிண்ணத்தின் விளிம்பு வரை தளும்பியது. வினோ முகம் வெளுத்துப்போய், "காலையில வண்டி இருக்குதாம்" என்று மட்டும் சொன்னாள்.

முப்பது வருஷம் விசில் ஊதி வண்டிகளை அனுப்பியவன் நான். எனக்கு யாரும் ஊதியதில்லை. சிந்தாமல் எடுத்துக் குடித்தேன்.

நாலாம் நாள் காலை பையோடு வந்தால், வண்டிப் பக்கத்தில் வினோ நின்றாள். அவளுடைய பையும் கட்டித் தயாராக இருந்தது. அதன்மேல், முந்தின ராத்திரி நான் எடுத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டு மடித்துவைத்திருந்தது. வண்டியில் இரண்டு சீட்டு காலி. டிரைவர் எங்களைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டி, சாவியைத் திருகினார்.

அவள் அழவில்லை. தூக்குமேடை ஏறுகிறவள் மாதிரியும் இல்லை. பேனருக்கு எதிரே நின்றுவிட்டுத் திரும்பிப் போனாளே, அன்றும் இப்படித்தான் பேசாமல் நின்றிருப்பாள் என்று தோன்றியது. இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரைவரிடம் ஒரு விரலைக் காட்டினேன்.

அவர் வண்டியை அணைத்துவிட்டு சீட்டில் சாய்ந்துகொண்டார். ஒரு சீட்டு குறைந்தால் வண்டி போகாதே! அதை நான் யோசிக்கவில்லை. எப்போது ஆள் வருமோ, அதுவரைக்கும் கல்மேல் உட்காரவேண்டியதுதான். இந்த நாட்டின் சட்டத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக மெச்சினேன்.

"அந்த முள்ளு எங்க?" என்று கேட்டேன். தொப்பியில் குத்திவைத்திருந்தாள், எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டை மடியில் விரித்தேன். 'டா'வின் காலில் முள்ளைக் கொடுத்து நூலை நெம்பினேன். செஞ்சித் தையல்காரர் ஏமாற்றுக்காரர் இல்லை, ஒவ்வொரு தையலும் கெட்டி. எதிர்முள் நூலைப் பிடித்து இழுக்க நன்றாகவே உதவியது. டா, க், ட, ர். ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தது. 'வினோதினி'யைத் தொடவில்லை. வினோ நீல நூல் துண்டுகளை உள்ளங்கையில் சேகரித்துக்கொண்டே இருந்தாள்.

பாதியில் மல்லிகா வீடியோவில் வந்தாள். வினோ போனை எடுத்துக்கொண்டு போய், இந்தத் தடவை வெள்ளைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் நின்று ஏரியைக் காட்டினாள். எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அப்புறம் மல்லிகா அழுதாள், என்னைத் திட்டினாள், மகளைத் திட்டினாள், கட் பண்ணினாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் கூப்பிட்டாள்.

"அங்க அவ்ளோ குளுரா இருக்குதே, அந்தக் கோட்டு தாங்குமா? தெரிஞ்சிருந்தா உள்ள கம்பளி வெச்சுத் தெக்கச் சொல்லியிருப்பேன்ல" என்றாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு கிழவர் கூடையோடு வந்து ஏறினார். குல்னாரா வேகமாக வெளியே வந்தார். கையில் கிண்ணம். என் மடியில் இருந்த கோட்டையும் முள்ளையும் பார்த்தார், வினோவை ஏதோ கேட்டார், அவள் சொன்னாள். கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். அடியில் இரண்டு மடக்கு டீதான் இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். நான் அதைக் குடித்து, கோட்டை வினோவிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.

செஞ்சியில் இறங்கியபோது காலை ஆறு நாற்பது. பேனர் எப்போதோ வெயிலில் வெளுத்துக் கிழிந்து, யாரோ ஆட்டுக்கொட்டாய்க்குக் கூரை போட எடுத்துப் போயிருந்தார்கள். கட்டியிருந்த கம்பு மட்டும் நின்றது. பச்சையப்பன் டீக்கடையில் உட்கார்ந்தேன்.

"காதுல இன்னா சார் பிளாஸ்திரி?"

"தூண்டில் முள்ளு. பொண்ணுதான் எடுத்துச்சு."

"டாக்டரு எடுத்தா கேக்கணுமா!"

விமானத்தில் இதை எப்படிச் சொல்வது என்று பத்து விதமாகப் பேசிப் பார்த்திருந்தேன். எதுவும் ஞாபகம் வரவில்லை. "அது டாக்டர் இல்ல பச்சையப்பா. படிப்ப வுட்டு ஒரு வருஷம் ஆச்சு. ஏரியில தூண்டில் போடுது" என்றேன். கடையில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள். சிரிக்கப் போகிறார்கள் என்று நான் டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பச்சையப்பன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். "அப்ப எங்க மச்சானுக்கு, ஒரு நிமிசம் நிக்காம பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னு கத்துச்சே, அது யாரு?"

"அதுவும் அதான்."

மச்சான் உயிரோடு பஜாரில் பழக்கடை வைத்திருக்கிறார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் பிரித்தான்.

"நேத்து எடுத்த ரத்த ரிப்போர்ட்டு சார்" என்றான். "பாப்பா மீன் புடிச்சு முடிச்சதும் இத்தக் கொஞ்சம் பாக்கச் சொல்லு."